வீக்கம் வற்றியது, வலி வற்றவில்லை

என் விரல்களில் வீக்கம் வற்றிய வாரத்தில்தான் ஆஸ்பத்திரியில் என்னைப் பொய்க்காரி ஆக்கினார்கள். யாரும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. "இனிமேல் வலிக்க முடியாதம்மா" என்றார் பெரிய டாக்டர். வலிக்கிறது என்று அதற்கு முந்தின நிமிஷம்தான் நான் சொல்லியிருந்தேன்.

முடக்குவாதம் வந்து, கைகால் வீங்கி, வீட்டுக்குள் கிடக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். அவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாராவது இதைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் என்னென்ன செய்வார்கள், எதற்குச் சரி என்று சொல்லலாம், எதற்கு மாட்டேன் என்று சொல்லலாம் என்று தெரிந்துகொள்ளட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி சேலத்தில் இருக்கிறது; பெயர் வேண்டாம். டாக்டரின் பெயரும் வேண்டாம். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவும் இல்லை.

என் பெயர் நல்லம்மாள். வெண்ணந்தூரில் ஜில்லா போர்டார் நடத்தும் பிரசவ நிலையத்தில் பதினோரு வருஷமாக மருத்துவச்சி. சேலத்தில் முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவள். சுற்று வட்டாரத்தில் எல்லோரும் நர்சம்மா என்பார்கள். என் வீட்டுக்காரர் அதே ஊரில் பள்ளிக்கூட உபாத்தியாயர்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், மாசி மாதத்தில், இரண்டு கைகளிலும் நடுவிரல் கணு ஒரே சமயத்தில் வீங்கியது. ஒரு கையில் வந்திருந்தால் எங்காவது இடித்துக்கொண்டிருப்பேன் என்று விட்டிருப்பேன். இரண்டிலும் ஒரே இடத்தில், அளவெடுத்தாற்போல வந்தது. பிறகு மற்ற விரல்கள், மணிக்கட்டு, கால் விரல்கள். காலையில் எழுந்தால் இரண்டு கையும் மரக்கட்டையாகக் கிடக்கும். வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால்தான் விரல் மடங்கும். அதுவரை சேலைக் கொசுவத்தைச் செருக முடியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கையை வைத்துப் பிழைக்கிறவள் கை போச்சு என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டிய நாள் சித்திரையில் வந்தது. எங்கள் ஊரிலேயே ஒரு தறிக்காரர் வீட்டில் பிரசவம். குழந்தை நன்றாகப் பிறந்து நன்றாக அழுதது. தொப்புள்கொடியை இரண்டு இடத்தில் நூலால் கட்டி நடுவில் வெட்ட வேண்டும். கட்டு தளர்ந்தால் குழந்தையின் ரத்தம் கசிந்துவிடும். நூலைச் சுற்றினேன். முடிச்சை இறுக்கும்போது விரல்கள் நூலைப் பிடிக்கவே இல்லை. மறுபடி சுற்றினேன். மறுபடியும் நழுவியது. பெற்றவளின் மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, "இங்க கட்டுங்க, நல்லா இறுக்குங்க" என்றேன். பாவு நூலில் முடிச்சுப் போட்டே வளர்ந்த கை. ஒரே இழுப்பில் இறுக்கிவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று என் கைகளைப் பார்த்தேன். அன்றைக்கே லீவு எழுதிப் போட்டேன்.

சேலத்து ஆஸ்பத்திரிக்கு மல்லூர் வரை வண்டி, அங்கிருந்து பஸ். என் வீட்டுக்காரர் கூட வந்தார். பெரிய டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல என் கைகளைப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுத்து, மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் விட்டு நிமிர்த்தி வைத்தார்கள். ரத்தத்தில் உள்ள சிவப்பு மெதுவாக அடியில் இறங்கும். நல்ல உடம்பில் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம்தான் இறங்குமாம். உள்ளே எரிச்சலும் அழற்சியும் இருந்தால் சரசரவென்று இறங்குமாம். என்னுடையது குழாயில் பாதிக்குமேல் இறங்கி நின்றது.

"வயசானால் எலும்பு தேய்ந்து வருமே, அந்த வாதம் இல்லை இது" என்றார் டாக்டர். "மூட்டுக்குள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது தானாகவே வீங்கிப் பழுக்கிறது. விட்டால் எலும்பையும் தின்னும். ஏன் வருகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தி நாலுங்க."

"சேர்ந்துகொள். பல மாதம் ஆகும்."

பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில்கள். எனக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டில். துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். அவர்களை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே நங்கை வந்தார். நங்கை என்றால் எங்கள் பக்கத்தில் கணவரின் அக்கா. பெயர் அத்தாயி. திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டு, கணவர் காலமான பிறகு எங்களோடு வந்து இருந்தவர். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாது. நான் பை தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது அவருக்குப் பிடிக்காது. அவர் நாக்கு எனக்குப் பிடிக்காது.

வந்த முதல் நாள் என் தலையை வாரிவிட்டார். சீப்பு பட்டதும் நான் கழுத்தைச் சுருக்கினேன்.

"ஏம்புள்ள, தொட்டதுக்கே இந்தத் துள்ளு துள்ளற? வீங்குனது கையி. தலையுமா நோவுது?"

"நோவுதுங்க நங்கை."

"உத்தியோகம் பாக்கற ஒடம்பு பாரு" என்று பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பெருமாயி. சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டுகிற இடத்தில் கூடை சுமந்தவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளுக்கும் இதே நோய்தான். முழங்கால்கள் இரண்டும் குடம் குடமாக வீங்கி, மடக்கினபடியே நின்றுவிட்டன. ஆனால் அவள் முனகி நான் கேட்டதில்லை. கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு வார்டில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். டாக்டருக்கு அவளை மிகவும் பிடிக்கும். "இவளைப் பார். உன்னைவிட இரண்டு மடங்கு வீக்கம். வாய் திறக்கிறாளா?" என்று என்னிடம் கேட்பார். நங்கை தலையாட்டுவார். எனக்கு அவமானமாக இருக்கும். வலியோடு அவமானமும் சேர்ந்தால் வலி எந்தப் பக்கம், அவமானம் எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாது.

முதல் வைத்தியம் பல் பிடுங்குவது. இதைக் கேட்டால் சிலர் நம்பமாட்டார்கள். பல்லிலோ தொண்டையிலோ மறைந்திருக்கிற சீழ், ரத்தத்தில் கலந்து மூட்டுக்குப் போகிறது என்பது அன்றைக்குப் படித்தவர்கள் எண்ணம். என் கடைவாயில் சொத்தை இரண்டு இருந்தது. அவற்றையும் பக்கத்திலிருந்த இரண்டையும் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்தும் கை அப்படியே இருந்தது. மீதியையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"மீதி எல்லாம் நல்ல பல்லுங்களே" என்றேன்.

"வெளியே நல்லதாகத் தெரியும். வேரில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?"

"பெருமாயிக்கு வாயில ஒரு பல்லுக்கூடச் சொத்தை இல்லீங்க. அவளுக்கு முழங்கால் ஏன் வீங்குச்சு?"

அவர் யோசித்தார். "பார்க்கலாம்" என்று போய்விட்டார். என் பற்கள் அப்படித்தான் பிழைத்தன. இதை எழுதும்போது அவற்றால்தான் முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறேன்.

பிறகு தங்க ஊசி. தங்கத்தை உப்பாக்கி மருந்தாகக் கரைத்துப் புட்டத்துச் சதையில் போடுவது. சீமையில் முடக்குவாதத்துக்கு இது கேட்கிறது என்று கண்டுபிடித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. வாரம் ஒரு ஊசி, வியாழக்கிழமை தோறும்.

"தங்கத்தைக் கழுத்துல போட்டுத்தான் பாத்திருக்கறேன்" என்றார் நங்கை. "சதைக்குள்ள போட்டா யாருக்குக் காட்டறது?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். நங்கை சொன்னதற்கு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தங்கம் உடனே கேட்காது. ஏழெட்டு வாரம் ஒன்றும் தெரியாது. அதற்குள் கெடுதல் செய்யவும் செய்யும். தோலில் அரிப்பு, வாயில் புண், சிறுநீரகத்துக்குச் சேதம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள். வெள்ளையாகத் திரண்டால் ஊசி கிடையாது. நான் படித்தவள் என்பதால் குழாயை எனக்கும் காட்டச் சொல்லிக் கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார்கள். என் உடம்பிலிருந்து வந்ததுதானே என்றேன். பிறகு காட்டினார்கள். வாரா வாரம் அந்தக் குழாய் தெளிவாக இருக்கிறதா என்று நானே பார்த்துவிட்டுத்தான் ஊசிக்குத் திரும்பிப் படுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் வருவார். வந்தால் பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். ஒரு தடவை என் கரண்டியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய், அடுத்த வாரம் இரண்டின் பிடியிலும் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தார். பிடி தடிமனாக இருந்தால் விரலை அவ்வளவு மடக்க வேண்டியதில்லை. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லலை. வீட்டுல நீ தடி விளக்குமாத்த மட்டும் நோவாமப் புடிச்சத பாத்தேன்" என்றார்.

ஐந்தாவது ஊசியோ ஆறாவதோ போட்ட வாரத்தில் டாக்டர் ஒரு புதுச் சோதனை கொண்டுவந்தார். காது மடலுக்குக் கீழே, தாடைக்குப் பின்னால், ஒரு எலும்பு முனை இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் அழுத்துவது. சிலருக்கு அங்கே அழுத்தினால் உயிர் போகும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் உடம்பு வலியை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்று அதை வைத்து வகை பிரிக்கலாம் என்று ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தாராம். கட்டில் கட்டிலாக வந்து அழுத்தினார். அழுத்தி, அட்டையில் கூட்டல் குறி போட்டார். என்னை அழுத்தியபோது நான் கட்டிலை விட்டே எழுந்துவிட்டேன். எனக்கு மூன்று கூட்டல் குறி. பெருமாயி வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்தவில்லை. அவளுக்குச் சைபர்.

"பார்த்தாயா?" என்றார் என்னிடம். "இவள் தைரியசாலி. நீ கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்."

நான் பதினோரு வருஷம் வலியைப் பார்த்தே வேலை செய்தவள். ஒன்றுமே நடக்காததுபோலப் பிள்ளை பெற்றவளையும் பார்த்திருக்கிறேன், ஊர் கேட்கக் கத்தினவளையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை இருவருக்கும் ஒரே எடைதான். சும்மா இருந்தவளை மெச்சினேன். கத்தினவளைத் திட்டினேன். பேளுக்குறிச்சிப் பக்கம் ஒரு பெண்ணைத் தொடையில் ஓங்கி அடித்து, "ஊர்ல நீ ஒருத்திதான் பெக்கறயா?" என்று கேட்டிருக்கிறேன். டாக்டர் என்னிடம் பேசிய குரல் எனக்குத் தெரிந்த குரல். அது என்னுடைய குரல். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது முகம் பற்றி எரிந்தது. அவர்மேல் கோபம், என்மேல் அதைவிட அதிகக் கோபம்.

"ஏனுங்க டாக்டர், உங்களுக்கு எத்தனை கூட்டல் குறிங்க?" என்று கேட்டேன்.

கூட வந்த நர்சு தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பார்த்துக்கொள்ளவில்லை."

"நான் அழுத்திப் பாப்பனுங்க. ஆனா என்ற விரல்ல பெலமில்லை. பெருமாயி அழுத்தட்டுங்க."

நங்கை என் தோளைத் தொட்டு அடக்கப் பார்த்தார். ஆனால் டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காதைக் காட்டினார். இதற்காக அவரை நான் என்றும் மதிப்பேன். பெருமாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கல் சுமந்த கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"இன்னும் அழுத்து" என்றார் அவர். அவள் அழுத்தினாள். அவர் சிரித்தார். "எனக்கும் சைபர்தான்."

"பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டீங்களா?"

"இல்லையே. ஒன்றும் தெரியவில்லை."

"தெரியாததுக்குத் தைரியம் எதுக்குங்க டாக்டர்?"

அவர் பதில் சொல்வதற்குள் பெருமாயி குறுக்கே பேசினாள். "நானுஞ் சொல்லோணும்னே இருந்தனுங்க. என்னைய எதுக்குங்க தைரியசாலிங்கறீங்க? நான் பொறுத்துக்கிட்டு இல்லீங்க. எனக்கு அவ்வளவா நோவறதில்லை. நோவாததுக்கு எதுக்குங்க அழுவோணும்? இந்த நர்சம்மாவுக்கு நோவுதுங்க. காலைல தண்ணிச் சொம்ப எடுக்கறப்ப மூஞ்சியப் பாருங்க. நான் தெனமும் பாக்கறேன்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்றைக்குப் பிறகு பெருமாயியை எனக்கு உதாரணம் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

நங்கை மாறியது அதனால் அல்ல. ஒரு நாள் காலையில் காப்பி வாங்கப் போன அவர் இன்னும் திரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டு, கட்டில் கம்பியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு முடிச்சு, அவிழ்ப்பது, மறுபடி ஒன்று. கண்ணில் தண்ணீர் தானாக வழிந்துகொண்டிருந்தது; அதைத் துடைத்தால் நூல் நழுவும் என்று துடைக்கவில்லை. நிமிர்ந்தபோது நங்கை கதவருகில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. பக்கத்தில் வந்து காப்பியை வைத்தார். மறுநாள் நான் கண் விழிக்கும்போதே கட்டிலடியில் சுடச்சுட வெந்நீர்ச் சட்டி இருந்தது. சமையல்கட்டில் சண்டை போட்டு வாங்கி வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாள் வரைக்கும் அந்தச் சட்டி தவறவில்லை.

"கையப் போடு சாமி, ஆறிப்போயிரும்" என்பார். அதற்கு முன்னால் அவர் என்னைச் சாமி என்று பிரியமாகக் கூப்பிட்டதில்லை.

பத்தாவது ஊசிக்குப் பிறகு வீக்கம் இறங்கத் தொடங்கியது. பதினான்காவதில் கணுக்கள் கண்ணுக்குத் தெரிந்தன. வளையல் தடையில்லாமல் ஏறியது. ரத்தம் விட்ட கண்ணாடிக் குழாயில் சிவப்பு கொஞ்சம்தான் இறங்கியது. டாக்டருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். வேறு டாக்டர்களைக் கூட்டிவந்து என் கைகளைக் காட்டினார். அவர்கள் கையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெருமாயிக்கு அதே ஊசி, அதே அளவு. அவள் முழங்கால் வீக்கம் இம்மிகூடக் குறையவில்லை. அவளுக்கு வலித்திருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே வந்திருப்பாள், அப்போது மருந்து கேட்டிருக்கும் என்று டாக்டரே வருத்தப்பட்டார். வலிக்காதது அவளுக்குச் செய்த உபகாரம் அவ்வளவுதான். இரண்டு தடியை ஊன்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் வார்டு வெறிச்சென்று இருந்தது.

எனக்கு வீக்கம் போயிற்று, வலி போகவில்லை. கொஞ்சம் குறைந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சொம்பைத் தூக்கினால் வலித்தது. துணி பிழிந்தால் வலித்தது. நோயே வராத முன்கையிலும் கெண்டைக்காலிலும்கூட, யாராவது அழுத்திப் பிடித்தால் வலித்தது. டாக்டர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்.

"இங்கே உனக்கு நோயே கிடையாதே."

"ஆமாங்க. இங்கயும் வலிக்குதுங்க."

"அப்படியானால் இது நோயின் வலி இல்லை. நோய் அடங்கிவிட்டது. இனிமேல் வலிக்க முடியாதம்மா."

"பின்ன இது யாரோட வலிங்க?"

மாதக்கணக்காக வலியோடு இருந்த உடம்பு வலிக்கப் பழகிவிடுகிறது, நோய் இறங்கினாலும் அந்தப் பழக்கம் உடனே இறங்குவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது டாக்டர் சொன்னது இல்லை, நான் சொல்வது. தவறாக இருந்தால் படித்தவர்கள் திருத்தட்டும். என் கையைப் பார்க்காமல் திருத்த வேண்டாம்.

போர்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மருத்துவச்சி வேலைக்குத் தகுதியா, தகுதி இல்லையா என்று டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டும். தகுதி இல்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் மடித்துக்கொண்டே இருந்தார்.

"சரியாப் போச்சுன்னே எழுதி வாங்கிக்கலாமே. போகப் போகச் சரியாயிடாதா?" என்றார்.

எனக்கும் ஆசை இருந்தது. பதினோரு வருஷ வேலை. அதில்தான் எனக்கு ஒரு பெயர். இரண்டு நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு சில பெண்களுக்கு ரத்தம் நிற்காது. வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைக் கையால் பிசைந்து இறுக்க வேண்டும். நிற்கும்வரை கையை எடுக்கக் கூடாது. அரை மணியும் ஆகலாம். அதை அவருக்குச் சொன்னேன். "அந்த அரை மணியில கை விட்டுப் போச்சுன்னா அவ செத்துப்போவாளுங்க" என்றேன்.

அவர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப உள்ளத உள்ளபடி எழுதி வாங்கு."

திங்கட்கிழமை காலை டாக்டரின் அறைக்குப் போனேன். நங்கையும் வந்தார். டாக்டர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். இங்கிலீஷில் இருந்தது, எனக்கு அந்த அளவுக்குப் படிக்கத் தெரியும். வீக்கம் தணிந்துவிட்டது, வேலைக்குத் தகுதி என்று இரண்டே வரி.

"வலி இருக்குன்னும் எழுதோணுங்க."

"எழுதினால் உன் வேலைக்குத்தான் ஆபத்து. உன் நன்மைக்காகத்தான் எழுதாமல் விட்டேன்."

"என்ற நன்மை இருக்கட்டுங்க. என்ற கைய நம்பி ஒருத்தி படுத்திருப்பா."

அவர் பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்துக் காகிதத்தை நீட்டினார். வலி இருப்பதாக நோயாளி கூறுகிறாள் என்று எழுதியிருந்தார்.

"ஏனுங்க, கூறுகிறாள்ங்கறது எதுக்குங்க? வீக்கம் தணிஞ்சதா நோயாளி கூறுகிறாள்னு மேல எழுதலீங்களே."

"வீக்கத்தை நான் பார்த்தேன். வலியை நான் பார்க்கவில்லை."

"நான் பாத்தனுங்க."

"நானும் பாத்தனுங்க" என்றார் நங்கை, பின்னாலிருந்து. "அஞ்சு மாசமா காலைல காலைல பாக்கறனுங்க. இவ பொய் சொல்ற ஆளில்லீங்க. பேச்சுத்தான் கொஞ்சம் சாஸ்தி."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபமா, சிரிப்பா என்று சொல்ல முடியாத முகம். பிறகு குனிந்து 'வேலைக்குத் தகுதி' என்பதை அடித்தார். அடித்த இடத்துக்கு மேலே, கைப் பலம் தேவைப்படும் காரியங்களுக்கு உதவியாள் தந்தால் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'கூறுகிறாள்' என்பதை அவர் அடிக்கவில்லை. இன்றும் அந்தக் காகிதத்தில் அது அப்படியே இருக்கிறது. நான் நகல் வைத்திருக்கிறேன்.

போர்டு ஆபீசில் அதிகாரி காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"உதவியாளுக்கு நாங்க எங்கம்மா போறது?"

"நானிருக்கறனுங்க" என்றார் நங்கை. என்னிடம் ஒரு வார்த்தைகூட அதற்கு முன்னால் சொன்னதில்லை. "எளுதப் படிக்கத் தெரியாது. கை ரெண்டும் நல்லாருக்குது. இவ சொன்னா நான் செய்யறேன்."

வெண்ணந்தூருக்கு வேறு மருத்துவச்சி யாரும் வரச் சம்மதிக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் பார்க்கலாம் என்று நங்கையை ஆயாவாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் முடிந்தும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் கட்டுவார், பிசைவார், தூக்குவார். கை கழுவச் சொன்னால் மட்டும் முதலில் முணுமுணுப்பார். இப்போது என்னை அவர் கழுவச் சொல்கிறார்.

ஊசிக்காக வாராவாரம் சேலத்துக்குப் போய்வந்தேன். யுத்தம் வந்ததும் மருந்து வருவது நின்றுவிட்டது. வீக்கம் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. வலது சுண்டு விரல் வளைந்துவிட்டது, இனி நிமிராது. வலி மெல்ல மெல்ல, ஒன்றரை வருஷத்தில், பாதிக்குக் கீழே இறங்கியது. வெந்நீர், ஆஸ்பிரின் மாத்திரை, விடாமல் கையை ஆட்டிக்கொண்டிருப்பது, இவைதான் வைத்தியம். எது கேட்டது என்று எனக்குத் தெரியாது. என்னை நம்புகிற ஆள் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். டாக்டர் ஒரு தடவை வலி எப்படி இருக்கிறது என்று தானாகவே கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

போன ஆவணியில் ராசிபுரம் சாலையில் ஒரு குடியானவர் வீட்டில் பிரசவம். தலைப்பிரசவம், பத்தொன்பது வயதுப் பெண். நாங்கள் போனபோது நடுப்பகல். அந்தப் பெண் வாசலுக்குக் கேட்கக் கத்திக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவளுடைய மாமியார் தலைமாட்டில் நின்றுகொண்டு, "நானெல்லாம் ஆறு பெத்தேன். களத்துல இருந்து வந்து பெத்துட்டு அடுப்புப் பத்த வெச்சேன். இவ என்னமோ ஒலகத்துல இல்லாத நோவாட்டம் கத்தறா" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் நங்கை, கையில் சோப்பு நுரையோடு திரும்பினார்.

"அது உங்க ஒடம்புங்க. இது அவ ஒடம்பு. நோவு எத்தனைன்னு அவளுக்குத்தான் தெரியும். நீங்க போயி வெந்நி கொண்டாங்க."

குழந்தை பிறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அந்தப் பெண் இஷ்டம்போலக் கத்தினாள்.